ஐந்து மணிப் பாட்டுக்கு ஒன்பது போன்

அங்கன்வாடியில் முப்பத்திரண்டு பிள்ளைகளை மேய்க்கிறேன். கடிக்கிறவன், கிள்ளுகிறவள், சத்துமாவை மூக்கில் ஏற்றிக்கொள்கிறவன் என்று எல்லா ரகமும் உண்டு. ஒரு அதட்டலில் அத்தனையும் அடங்கிவிடும். வீட்டில் இருக்கும் ஒன்றே ஒன்றைத்தான் என்னால் மேய்க்க முடியவில்லை. பெயர் டயானா. பதினாறு வயது, பிளஸ் ஒன்.

எங்கள் வீட்டு மாதா காலண்டரை நீங்கள் பார்க்க வேண்டும். புனிதர்களின் திருநாள்கள் சிவப்பில் அச்சாகியிருக்கும். அவற்றின் தலைமேலேயே பச்சைப் பேனாவால் இவளுடைய திருநாள்கள். ஒரு நாள் டீசர், ஒரு நாள் போஸ்டர், ஒரு நாள் ‘சீசன் 2 அறிவிப்பு’. அந்தோணியார் என்ன பாவம் செய்தாரோ, அவர் முகத்தின் மேலேயே ஒரு ‘லிரிக் வீடியோ’.

எல்லாம் மரிய அருண் என்ற பையனுக்காக. ‘ஏழாவது பீரியட்’ என்ற டிவி தொடரில் பள்ளி மாணவனாக வருகிறான். மயிர் கண்ணை மறைத்துக்கொண்டு தொங்கும். இரண்டு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. நடித்தது போதாதென்று இப்போது பாடவும் கிளம்பிவிட்டான். அவனுடைய முதல் சொந்தப் பாட்டு நவம்பர் இரண்டாம் தேதி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வருகிறதாம். ஒரு மாதமாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

“ம்மா, போஸ்டர்ல சட்ட கலர பாத்தியா? டீசர்லயும் அதே கலரு. அப்போ ரெண்டாவது பாட்டும் ரெடியா கீதுன்னு அர்த்தம்.”

“தொவச்சி தொவச்சி ஒரே சட்டைய போடறான்னு அர்த்தம். போய் தண்ணி புடி.”

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அதைச் சொன்னால் அவள் காதில் ஏறவில்லை. போன டிசம்பரில் அவள் அப்பா இருதயராஜ் போனபிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள் இது. விழுப்புரம் திண்டிவனம் பிரைவேட் பஸ்ஸில் பதினெட்டு வருடம் டிரைவராக இருந்தவர். ஒரு நாள் டிரிப் முடித்து வீட்டுக்கு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். சொந்த ஊர் திண்டிவனம் என்பதால் அங்கேதான் அடக்கம் செய்தோம். அன்றைக்குப் போனவள்தான் டயானா. பிறகு ஒரு முறைகூடக் கல்லறைக்கு வரவில்லை, அவர் பேச்சையும் எடுக்கவில்லை, ஒரு சொட்டு அழவும் இல்லை. பாட்டு, டீசர், போஸ்டர். எனக்கு வயிறு எரிந்தது. அப்பா இல்லை என்பதை இவள் ஒரே ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னால் போதும், மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன் என்று இருந்தேன்.

எங்கள் கோயிலில் நவம்பர் பிறந்தால் பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டி வைப்பார்கள். இறந்துபோன நம் வீட்டுக்காரர்களின் பெயரை எழுதிப் போட்டால், கல்லறைத் திருநாள் பூசையில் வாசித்து அவர்களுக்காக மன்றாடுவார்கள். அப்பா பெயரை நீயே எழுதி வை என்று டயானாவிடம் ஒரு வாரம் கத்தினேன். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், டிவி ரிமோட்டுக்கு அடியில் நாலாக மடித்த நோட்டுத்தாள். மேல் மடிப்பில் ‘இருதயராஜ்’ என்று அவள் கையெழுத்து. என் மனசு குளிர்ந்துவிட்டது. அப்படியே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன். பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் புத்தி எனக்கு இல்லை.

மறுநாள் காலைப் பூசையில் பெயர்களை வாசித்தவர், சாமியாருக்குக் கோயில் வேலைகளில் உதவியாக இருக்கும் உபதேசியார் ஞானராஜ். கண்டமங்கலம் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, இன்னும் யாருடைய பெயரும் அவருக்குப் பிடிபடவில்லை. கட்டுக்கட்டாகச் சீட்டு இருந்ததால் மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனார்.

“இருதயராஜ்.”

கண்ணை மூடிக்கொண்டேன்.

“அமல்ராணி.”

என் பெயர். சரி, விழுப்புரத்தில் நான் ஒருத்திதானா அமல்ராணி என்று நினைத்தேன்.

“பிரான்சிஸ். வெனிலா. குப்பம்மாள்.”

பிரான்சிஸ் என் கொழுந்தனார், ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் நின்றார். வெனிலா பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பெண், மெல்லிசாக வாசித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். குப்பம்மாள் எங்கள் பக்கத்து வீடு, பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வேகவைத்து விற்கிறவர். அவருக்கு அடக்கம் ஒடுக்கம் எல்லாம் வராது.

“இன்னாய்யா இது! நான் இங்கதான குந்திக்கினு கீறேன்!”

உபதேசியாருக்கு வாசிக்கிற வேகத்தில் அதுவும் கேட்கவில்லை. “ஞானராஜ் உபதேசியார்” என்று கணீரென்று வாசித்துவிட்டு, யார் அது என்று தேடுகிற மாதிரி நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். கோயிலே சிரித்தது. பங்குச்சாமி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, “உயிரோடிருப்பவர்களையும் இறைவன் காப்பாராக” என்று சமாளித்து ஒருவழியாகப் பூசையை முடித்தார்.

நான் டயானாவின் கையைப் பிடித்து, சாமியார் உடுப்பு மாற்றும் சக்ரீஸ்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். தாள் இன்னும் உபதேசியார் கையில்தான் இருந்தது.

“என்னாடி இது?”

“அய்யோ ம்மா, இத ஏன் எட்த்துக்கினு போன? இது போன் லிஸ்ட்டு!”

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பாட்டு வந்த முதல் ஒரு மணி நேரத்தில் எந்த மாவட்டத்து ரசிகர்கள் அதிகம் பார்க்கிறார்களோ, அவர்களோடு மரிய அருண் பத்து நிமிஷம் வீடியோ காலில் பேசுவானாம். விழுப்புரம் குரூப்புக்கு என் மகள்தான் அட்மின். கடலூர்காரர்கள் முந்திவிடுவார்கள் என்று பயந்து, ஐந்து மணிக்கு ஒன்பது பேருடைய போனை இரவல் பேசி வைத்திருக்கிறாள். குரூப்பில் கொடுப்பதற்காக அந்த ஒன்பது போன்காரர்களின் பெயரைத்தான் எழுதியிருக்கிறாள். குப்பம்மாள் போனுக்காக ஒரு வாரம் மல்லாட்டை ஆய்ந்து கொடுத்தாளாம். வீட்டில் குடித்த டம்ளரை எடுத்து வைக்காதவள்!

“சரி, அப்பா பேரு எதுக்கு?”

“அப்பா போனும் கீதுல்ல.”

பீரோவில் அணைத்து வைத்திருப்பதாக நான் நினைத்திருந்த போன். இத்தனை மாதமும் இவள் அதற்குச் சார்ஜ் போட்டு, தன் போனிலிருந்து நெட் கொடுத்து வைத்திருக்கிறாள்.

“இல்லாத மனுஷன் போன்லயுமா உனக்குக் கணக்கு? ஒரு வெக்கம், மானம் கெடயாது? அவரு பேர எழுதுடின்னா, அவன் பாட்டுக்கு ஆள் சேக்குறியா?”

“அப்பா பேருதான் மொதல்ல வரணும்” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. திமிர் என்று நினைத்தேன். சாமியார் இருந்ததால் கை ஓங்காமல் விட்டேன்.

அதோடு போன்களும் போயின. குப்பம்மாள் வாசலிலேயே, “என்னிய பொணமாக்கிட்டு, போனு வேற குடுக்கணுமா உனுக்கு?” என்று அனுப்பிவிட்டார். வெனிலாவின் அம்மா மகளுக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார், போன் கேட்கிற நேரமா அது. பிரான்சிஸ் தம்பிகூடக் கொடுத்திருப்பார், அவர் பெண்டாட்டி பிடுங்கி வைத்துக்கொண்டாள். உபதேசியார் வீட்டுக் கதவே திறக்கவில்லை. வாசிக்காமல் விட்ட மற்ற மூன்று பேரும் கையை விரித்துவிட்டார்கள். நானும் என் போனைத் தரவில்லை. பட்டால்தான் புத்தி வரும்.

மூன்றரை மணிக்கு நான் செவ்வந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குக் கிளம்பினேன். ஐந்தரைக்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பார். டயானா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

“நானும் வர்றேன்.”

“இன்னா திடீர்னு பாசம்?”

“வீட்ல டவர் சரியா கெடைக்கல. பைபாஸ்ல நல்லா கெடைக்கும்.”

பெற்ற அப்பனின் கல்லறைக்கு டவருக்காக வருகிற பிள்ளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். பஸ்ஸில் ஏறியும் திட்டினேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தபிறகு நிறுத்தினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் கால் மணி நேரம் நின்றோம். அவள் மடியில் இரண்டு போன். ஒன்று அவளுடையது, இன்னொன்று அவருடையது, கண்ணாடியில் கீறல் விழுந்த பழைய போன்.

கூட்டேரிப்பட்டு தாண்டும்போது ஐந்து அடித்தது. தன் போனை அவள் தொடவில்லை. அவர் போனில்தான் பாட்டைப் போட்டாள். போட்டு, ஒலியைக் குறைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காதல் தோல்விப் பாட்டு. மீசை முளைக்காத பையனுக்கு அதற்குள் என்ன தோல்வியோ. மூன்று நிமிஷத்தில் முடிந்தது. இனி துள்ளுவாள், குரூப்பில் கத்துவாள் என்று காத்திருந்தேன். அவளோ அவர் போனை மடியில் வைத்துவிட்டுத் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்.

“அதான் முடிஞ்சிதுல்ல, இன்னும் என்னாடி பாத்துக்கினு கீற?”

அவள் தன் போன் திரையை என் பக்கம் திருப்பினாள். மேலே ‘அப்பா’ என்று இருந்தது. கீழே வரிசையாக அவர் அனுப்பிய குரல் பதிவுகள். ஒன்றை அழுத்தி என் காதில் வைத்தாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டின் இரைச்சலுக்கு நடுவே என் புருஷன் பேசினார்.

“பாப்பா, கேட்டுட்டேன். நான்தான் ஃபர்ஸ்ட்டா? சுமாரா கீது பாட்டு, டிரம்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி. டைம் ஆயிடுச்சி, வண்டி எடுக்கறேன்.”

அடுத்ததை அழுத்தினாள். அதுவும் ஏதோ ஒரு பாட்டு வந்த நாள். அதற்கு அடுத்ததும் அப்படியே. எந்தப் பாட்டு வந்தாலும், அந்த மனுஷன் டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவே முதல் ஆளாகக் கேட்டு இவளுக்குச் சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்த எனக்கு இது தெரியாது.

“இன்னிக்கும் அவரு போன்லதாம்மா மொதல்ல வுட்டேன்” என்றாள். “ஒண்ணும் வரல.”

என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

“வராதுடி கண்ணு” என்றேன்.

“தெரியும்” என்றாள். பிறகு வாயைக் கோணிக்கொண்டு, என் அங்கன்வாடிப் பிள்ளைகள் முதல் நாள் அழுகிற மாதிரி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள். என் மடியிலிருந்த மாலை நசுங்கியது. நான் அவள் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “இன்னாக்கா, பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லயா? வண்டிய நிறுத்தட்டா?”

“வேணாம்ப்பா. அவங்கப்பா செத்துட்டாரு.”

பதினோரு மாதத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் முறை. ஊரில் யார் கேட்டாலும் ‘போயிட்டாரு’ என்பேன், ‘இல்ல’ என்பேன். அவர் பெயரை எழுதக்கூட இந்தப் பிள்ளையைத்தான் ஏவினேன்.

“அய்யய்யோ” என்றார் கண்டக்டர். “எப்பக்கா?”

“இப்பதாம்ப்பா” என்றேன்.