எங்கேயும் விழவில்லை

மத்தியானம் சட்டைத்துணி வெட்டிக்கொண்டிருந்த தையல்காரர், இடது தோள்பட்டைக்குக் கீழே சுருக்கென்று வலி குத்தியதும் கத்தரியை வைத்துவிட்டு மேசையில் சாய்ந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஆட்டோ பிடித்தாள்.

அவசரப் பிரிவில் முதல் கேள்வியே, “எங்க விழுந்தாரு?”

“எங்கயும் விழலைங்க.”

ஊசி போட வந்த நர்ஸ் கேட்டார். எக்ஸ்ரே எடுத்தவர் கேட்டார். நெஞ்சின் இடப்பக்கம் பாதிக்கு மேல் ரத்தம் தேங்கியிருப்பதைப் படத்தில் பார்த்த இளம் டாக்டர், அவளை ஓரமாய் அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். “வீட்ல ஏதாவது அடிதடியாம்மா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் அடிச்சு நெஞ்சுல ரத்தம் கட்டற உடம்பா சார் இது?”

“வாயால அடிப்பா டாக்டர்,” என்றார் கட்டிலில் கிடந்தவர், மூச்சு வாங்க. “அது எக்ஸ்ரேல தெரியாது.”

“நீங்க சும்மா கிடங்க.”

ரத்தத்தை வடிக்க விலா இடுக்கில் குழாய் போடுவதற்காகச் சட்டையைக் கழற்றினார்கள். கழுத்திலிருந்து இடுப்புவரை பட்டாணியும் நெல்லிக்காயுமாய்க் கட்டிகள். நடுநடுவே காப்பி நிறத் திட்டுகள்.

“இது என்னம்மா?”

பேருந்தில் பக்கத்தில் உட்காராதவர்களிடமும், அளவு கொடுக்க வந்து பின்வாங்கியவர்களிடமும் இருபது வருஷமாய்ச் சொல்லிச் சொல்லி வழவழத்துப்போன பதில், நினைப்பதற்கு முன்பே அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. “பிறவியிலேயே இருக்கு சார். வெறும் தோல்தான். ஒட்டாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

டாக்டர் தலையசைத்துவிட்டு, அடிபட்ட இடத்தைத் தேடத் தொடங்கினார். தேடலிலேயே ஒன்றரை மணி நேரம் போனது. குழாயின் முனையில் பாட்டில் நிரம்பியது.

அப்புறம் வந்த பெரிய டாக்டர் போர்வையை விலக்கியதுமே கத்தினார். “இந்தக் கட்டிங்க நியூரோஃபைப்ரோமடோசிஸ்! ரத்தக்குழாயையும் இத்துப்போக வைக்கும், தானாவே கிழியும். தையல் நிக்காது, குழாய்க்குள்ளேயே கம்பி விட்டுக் கிழிசலை அடைக்கணும். தூக்குங்க!”

இற்ற துணியில் நூல் நிற்காது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தள்ளுகட்டிலின் பின்னாலேயே ஓடினாள். அடைக்கும் அறைக்குள் கொண்டுபோவதற்குள் அவர் மூச்சு அடங்கிவிட்டது.

இளம் டாக்டர் வெகுநேரம் கழித்து வந்து அவள் எதிரில் நின்றார். “நான் அப்பவே கேட்டேனேம்மா, அது என்னன்னு.”

“கேட்டீங்க.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “விழலை விழலைன்னு தொண்டை வத்தச் சொன்னேன், ஒருத்தரும் நம்பல. இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். இதை மட்டும் ஏன் சார் நம்புனீங்க?”