அந்தமான் மழை

அந்தமானில் வேலை பார்த்துவிட்டுப் பிள்ளைப்பாக்கம் திரும்பிய அக்கா புருஷன் ஜோயல் வாயைத் திறந்தாலே ஷாரோனுக்கு எரிச்சல்தான். "இதெல்லாம் ஒரு மழையா? அங்க மே மாசம் புடிச்சா டிசம்பர் வரிக்கும் ஊத்தும். அப்பறம் நாலு மாசம்தான் வெயிலு" என்பான்.

நவம்பரில் ஏரி நிரம்பி வழிந்தது. "பைக்க மேட்டுல நிறுத்து மாமா" என்றாள்.

"எனக்கே மழையப் பத்தி சொல்றியா?" என்று இளித்தான்.

அவள் ஷிப்ட் முடிந்து வந்தபோது பைக் மூழ்கிக் கிடந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அவனோ கட்டில்மேல் குந்தியிருந்தான்.

"அந்தமான்ல தண்ணி வந்தா இன்னா பண்ணுவ?"

"அங்க குவார்ட்டர்ஸ் மலைமேல. தண்ணியே வராது."

"அப்ப ஜன்னல்ல பாத்த மழைக்கா இவ்ளோ பேச்சு?"

முன்பே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்ட அக்காவின் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அவனைத் திரும்பியும் பாராமல் வெளியேறினாள்.