அரை கிளாஸ் டீ

தன் கை நடுங்குவதைப் பார்த்து ஒருவன் சந்தோஷப்படுவானா? இளவழகன் பட்டான். நிலக்கரி மைன்ஸ் கேன்டீனில் டீ கிளாஸைத் தூக்கும்போது வலது கை வெட்டி இழுத்து, பாதி டீ சட்டையில் கொட்டியது. சூடு உறைத்தது. அதை உதறக்கூடத் தோன்றாமல், "அப்பாடா, எனக்குத்தான்" என்று வாய்விட்டுச் சொன்னான். பக்கத்தில் இருந்த பழனிவேல், "டீயக் கொட்டிக்கினதுக்கா இம்மாம் பெரும?" என்று கேட்டான். மறுநாளிலிருந்து இளவழகன் அரை கிளாஸ் டீதான் வாங்கினான். அரை கிளாஸ் என்றால் கை ஆடினாலும் சிந்தாது.

அந்த உபாயம் அவன் அப்பா தங்கராசுவினுடையது. அவரும் மைன்ஸில்தான் வேலை பார்த்தார். நாற்பதைத் தாண்டியதும் அவர் நடை தள்ளாட ஆரம்பித்தது. தோள் தானாகக் குலுங்கும், பேச்சு குழறும், கை காற்றில் எதையோ துழாவும். குடியிருப்பு பிளாக்கில் இருந்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? குடிக்கிறான் என்றார்கள். டீக்கடையில் அவர் அரை கிளாஸ் கேட்டால், மீதி அரை கிளாஸ் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும் என்று சிரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஊரை விடுங்கள், கட்டிய மனைவி ஆதிலட்சுமியே நம்பவில்லை. ஒரு தீபாவளியன்று அவரை வாசலில் நிறுத்தி, வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தாள். வாடையே இல்லை. வாடை வராத சரக்கு போலிருக்கிறது என்று கதவைச் சாத்தினாள். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்குப் பேர் சொன்னார்கள். ஹண்டிங்டன். பரம்பரையாக வருவது, மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது, தீர்க்க மருந்து இல்லாதது. "பிள்ளைங்களுக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கும்மா" என்று அன்றைய டாக்டர் அவசரத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். ஆதிலட்சுமிக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டில் பாதி ஒன்று. கணக்கு சரியாகத்தானே வருகிறது? வெளியே வந்து மகன் இளவழகனையும் மகள் வெண்மதியையும் பார்த்து, "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வருமாம்" என்று சொல்லித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்பன் சர்வீஸில் செத்தால் வேலை ஒரு பிள்ளைக்குத்தான் என்பது டவுன்ஷிப்பில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மற்றப் பிள்ளைகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை அப்படி என்றால் நோயும் அப்படித்தான் இருக்கும் என்று அந்த வீட்டில் மூன்று பேரும் நம்பினார்கள். தங்கராசு செத்தபோது, பி.காம். படித்திருந்த வெண்மதி ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் அண்ணனுக்குக் கையெழுத்துப் போட்டாள். வேலையை வாங்கியவன் நோயையும் வாங்கிக்கொள்வதுதான் நியாயம் என்று இளவழகன் அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டினான். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வடலூர் போய் ஜோதிக்கு முன்னால் நிற்கும்போது மற்றவர்கள் என்னென்னவோ வேண்டிக்கொண்டார்கள். எனக்கே வரட்டும் என்றுதான் இவன் வேண்டினான்.

யாருக்கென்று தெரியாமல் இருவருமே கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். வடலூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த சசிகுமார் வெண்மதிக்காகக் காத்துக் கிடந்தான். வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்று அவள் விரட்டியும் அவன் நகரவில்லை. கை ஆடிய வாரத்திலேயே இளவழகன் அவன் கடைக்குப் போனான்.

"எனக்கு வந்துடுச்சு சசி. இனிமே அவளுக்கு வராது. தேதி பாத்துடலாம்."

ஆவணியில் தேதி குறித்தார்கள். ஆதிலட்சுமி மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள், மகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெண்மதி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு எழுந்து தலை சீவி, புடவை எடுக்கப் போனாள். கடையில் ஒரு அரக்குப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து அவள் சிரித்ததை இளவழகன் பார்த்தான். பெற்ற அப்பன் இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தானே சீர் செய்ய வேண்டும்? இதைவிடப் பெரிய சீர் எந்த அண்ணன் செய்திருக்கிறான் என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாவி மனுஷன்.

அதோடு விட்டிருக்கலாம். உறுதிப்படுத்த அவன் கொடுத்திருந்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வரும் நாளில், உனக்கு இல்லை என்பதை உன் காதாலேயே கேள் என்று தங்கையையும் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனான்.

டாக்டர் சத்யா முடிவை மெதுவாகச் சொன்னார். இளவழகன் கலங்கவில்லை. "தெரியும்ங்க" என்றான்.

"தங்கச்சிக்கும் டெஸ்ட் பாக்கறதா இருந்தா முதல்ல உக்காந்து பேசுவோம். அவசரம் இல்ல" என்றார் டாக்டர்.

"அவளுக்கு எதுக்குங்க? அதான் எனக்கு வந்துடுச்சே."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்படின்னு யார் சொன்னா?"

"பாதிக்குப் பாதின்னு சொன்னாங்க. நாங்க ரெண்டு பேரு. எனக்கு வந்துட்டா அவளுக்குக் கெடயாதுங்களே."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம உடம்புல ஒவ்வொரு மரபணுவும் ரெண்டு ரெண்டா இருக்கு. ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. உங்க அப்பாகிட்ட இருந்த ரெண்டுல ஒண்ணு பழுது. ஒரு பிள்ளைக்கு அவர் அதுல ஒண்ணைத்தான் குடுக்க முடியும். எதக் குடுக்கறோம்னு அவருக்கே தெரியாது. பூவா தலையா போடற மாதிரி. முதல் தடவை பூ விழுது. மறுபடி சுண்டும்போது, முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு காசுக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்காதுங்க."

"அவ்வளவுதான். நீங்க பொறந்தப்ப ஒரு தடவை சுண்டினது. அவங்க பொறந்தப்ப அது வேற தடவை. உங்களுக்கு வந்ததால அவங்களுக்குக் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

தங்கைக்குச் செய்த சீர் என்று இளவழகன் நினைத்துக்கொண்டிருந்தானே, அது சீரும் இல்லை, வேண்டுதல் பலித்ததும் இல்லை. வெறும் நோய். அவன் செத்தாலும் அதில் யாருக்கும் லாபம் கிடையாது. வெண்மதி இருந்த பக்கம் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கடலூர் தாண்டியதும் இவன்தான் ஆரம்பித்தான். "உனக்கு இருக்காது வெண்மதி. வராம போறதுக்கும் பாதி இருக்குதுல்ல?" அவள் தலையை மட்டும் ஆட்டினாள். குள்ளஞ்சாவடி வந்ததும், "எறங்கலாம்ண்ணே. மூச்சு முட்டுது. டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல போவலாம்" என்றாள்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்தார். தனக்கு மட்டும் அரை கிளாஸ் என்று சொல்ல இளவழகன் வாயெடுத்தான். அதற்குள் வெண்மதி சொல்லிவிட்டாள்.

"ரெண்டு டீ குடுங்க. ரெண்டுமே அரை கிளாஸ்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் பால் கொதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா?" என்று கேட்டான்.

"பொங்கலுக்கு முந்தியே. கோலம் போடறப்ப கை தானா இழுத்துக்கினு போச்சு. எனக்குத்தான்னு நெனச்சிக்கினு, யாருகிட்டயும் சொல்லாம இருந்தேன். அப்பறம் நீ வந்து உனக்குன்னு சொன்ன. அப்ப நமக்கு இது சும்மா பயத்துல ஆடுதுன்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சந்தோசப்பட்டேண்ணே. உனக்கு வந்துச்சேன்னு சந்தோசப்பட்டேன். நான்லாம் ஒரு பொறப்பா?"

"நானுந்தான் பட்டேன்" என்றான் இளவழகன். பஸ்ஸுக்கு நின்ற சனங்கள் பார்க்கப் பார்க்க, அவன் அழுதான்.

டீ வந்தது. வெண்மதி தன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சசிகிட்ட நீ சொல்றியாண்ணே, நான் சொல்லட்டுமா?"

அவனும் கிளாஸை எடுத்தான். அரை கிளாஸ்தான். அப்படியும் இருவர் கையிலும் சிந்தியது.