சுவரில் ஒரு பென்சில் கோடு

படுக்கையறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

"குழாய் டைல்ஸுக்குப் பின்னாடி ஓடுது. உடைச்சுத்தான் பார்க்கணும்," என்றார் ப்ளம்பர்.

வீட்டுக்காரரான தையல்காரர் குளியலறைக்குப் போய் டைல்ஸைத் தடவிப் பார்த்தார். கடை கடையாக ஏறி இறங்கி அவரே பொறுக்கியெடுத்த கடல் பச்சை டைல்ஸ் அது. அந்த நிறம் இப்போது வருவதில்லை என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

"பரவுதான்னு பார்ப்போமே," என்று இழுத்தார்.

மனைவி ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். "இதைத் தாண்டினா உடைக்கிறோம். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

ஈரம் தாண்டியது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, தையல்காரர் கோட்டை அழித்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். பிறகு இன்னொரு தரம். "பார்த்தியா, அப்படியே இருக்கு!" என்று சொல்லும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அப்புறம்தான் அதிசயம். ஈரம் தானாகவே நின்றது. ஓரங்கள் காயக்கூடத் தொடங்கின. கூடவே வெந்நீரும் நின்றது. குழாயைத் திறந்தால் வெறும் காற்று. வாயைத் திறந்தால் ப்ளம்பர் வருவார், சுத்தியலும் வரும். எனவே பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பல் தந்தியடிக்கிற சத்தம் வெளியே கேட்காதிருக்க உரக்கப் பாடினார்.

ஒரு காலை துண்டோடு வெளியே வந்தால், மனைவி ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கடல் பச்சை டைல்ஸ்!

"கச்சேரி முடிஞ்சுதா?"

"இது... இது எங்கே கிடைச்சுது?"

"ஒரு கிடங்குல, பழைய சரக்கு. தேடாத இடமில்லை. அதுவரைக்கும் சுவர் ஊறக் கூடாதேன்னு ப்ளம்பர்கிட்ட போன்ல கேட்டேன். கசியுறது வெந்நீர்க் குழாயாத்தான் இருக்கும்னார். ஹீட்டரை அணைச்சு அதோட வால்வை மூடிட்டேன்."

"அப்போ கோடு..."

"நான் போட்டது கோழிக் கிறுக்கல். சுவர்ல இருக்கிறது சட்டைக் கழுத்து வெட்டுற கோடு. ஒரே இழுப்பு!"

தையல்காரர் அசடு வழிந்தார். "நான் நடுங்கினது தெரிஞ்சும் சும்மா இருந்தியே!"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். பாட்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நீ எப்படிக் குளிச்சே?"

"அடுப்புல சுடவெச்சுத்தான்."

சிரித்துக்கொண்டே அவர் தையல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். பச்சைச் சுவரில் ஒரு கட்டம் வரைந்தார்.

"ப்ளம்பருக்குப் போன் போடு. இதைத் தாண்டி ஒரு டைல்ஸ்கூட உடைக்கக் கூடாதுன்னு சொல்லிடு."

"சொல்றேன். இந்தக் கோட்டையாவது தள்ளிப் போடாம இருங்க!"