இரண்டாவது குரல்

வராந்தாவில் ராஜசேகர் சாரின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள் ஞானஜோதி. வெந்நீரில் ஊறிய பாதம் அவள் மடியில் இருந்தது. எதிரே நின்ற ராசாத்தி வட்ட முகத்தைச் சாய்த்தது.

"சார், கொஞ்சம் முன்னால மூணு வார்த்தை சொன்னேனே, திருப்பிச் சொல்லுங்க பார்க்கலாம்."

"குடை... உப்பு..." அதற்குமேல் சாருக்கு ஓடவில்லை.

ஓரத்தில் கிடந்த செருப்பைக் கையால் தட்டினாள் ஞானஜோதி.

"செருப்பு!" என்றார் சார்.

"நான் சாரைத்தான் கேட்டேன், ஜோதியம்மா." கோபமே இல்லாத குரல்.

"இவ கண்ணுல எதுவும் தப்பாது சார். எங்க தோட்டத்துக் கங்காணிக்கு இப்பிடி ஒரு கண்ணு இருந்திருந்தா நாங்க பொழச்சிருப்பமா?" என்றாள் ஞானஜோதி.

ராசாத்தி என்பது அவள் வைத்த பெயர். இடுப்பு உயரம், சக்கரத்தில் நகரும் இயந்திரம். மின்சார வாரியத்தில் ஓய்வுபெற்ற சார், மனைவி போனபின் சித்திரபுரத்து வீட்டில் தனியாக இருந்தார். அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கினால் முளையிலேயே தெரியட்டும் என்று எர்ணாகுளத்திலிருந்த மகள் ஆர்த்தி அதை வரவழைத்திருந்தாள். தினமும் பேச்சுக் கொடுக்கும். பேச்சு எங்கே இடறுகிறது என்று கவனிக்கும்.

"மறதி முத்திட்டா அப்பாவை ஹோம்லதான் விடணும்க்கா" என்று ஆர்த்தி அப்போதே சொல்லியிருந்தாள். சார் ஹோமுக்குப் போனால் ஞானஜோதியின் வேலை போகும். வேலையோடு சமையற்கட்டுக்குப் பின்னாலிருக்கும் அறையும் போகும். தேயிலைத் தோட்டத்தில் வயதாகி வேலையிலிருந்து நின்றபோதே, தோட்டத்தார் தந்த லயத்து வீட்டை ஒப்படைத்தாயிற்று. அதனால் சாருக்குக் கைகொடுத்தாள்; சில நேரம் பதிலையே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். கொழுந்து பறிக்கும் காட்டில் பக்கத்து நிரைக்காரி பின்தங்கினால், கங்காணி திரும்புமுன் அவள் செடியில் நாலு பிடி கிள்ளி அவள் கூடையிலேயே போட்டுவிடுவார்கள். அதை யாரும் கள்ளத்தனம் என்று சொன்னதில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில், இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு சார் வழக்கம்போல அவளைப் பார்த்தார். அவளும் கையை நீட்டினாள். எதைத் தட்டுவதென்று தெரியவில்லை. கை அப்படியே நின்றது.

"அடுப்புல பால் கெடக்கு" என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை.

ராசாத்தி பின்னாலேயே உருண்டு வந்தது. "சாப்பிட்டீங்களா ஜோதியம்மா? தூக்கம் வந்துச்சா?"

இத்தனை வயதில் இப்படி அவளைக் கேட்டவர்கள் குறைவு. மனம் குளிர்ந்து, தேயிலைக் காட்டில் புலியைப் பார்த்த கதையைச் சொன்னாள். கடைசிவரை முகம் திருப்பாமல் கேட்டது அது.

"இதை நேத்தும் சொன்னீங்க. நேத்து புலி வந்தது ரெண்டாம் நம்பர் காட்டுல. இன்னைக்கு அஞ்சாம் நம்பர்ல."

"அடி கெட்டிக்காரி!" என்று அதன் தலையில் செல்லமாகத் தட்டினாள். பிறகு வெகுநேரம் புலி எந்தக் காட்டில் வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் ஆர்த்தி வந்தாள். கூடவே ராசாத்தியை அனுப்பிய கம்பெனிக்காரன், மலையாளம் கலந்து பேசும் பினு. லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"சாருக்குப் பிரஷ்னம் ஒண்ணும் இல்ல. வயசுக்கு உள்ள மறதிதான். பட்சே, இதுல ரெண்டாவது ஒரு குரல் வருது. இந்தச் சேச்சி கூடக்கூடப் பதில் சொல்லியிருக்காங்க. மெஷின் ரெண்டையும் பிரிச்சுக் கேட்டிருக்கு. அந்தக் குரல்தான் இடறுது. மனுசர் யாரும் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க மாட்டாங்க. சேச்சி இப்பவே டாக்டரைப் பாத்தா நல்லது."

"அப்ப சாரை எங்கயும் அனுப்ப வேண்டாம்ல?" ஞானஜோதி முதலில் கேட்டது அதைத்தான்.

"வேண்டாம்."

அவள் முகம் மலர்ந்தது. "ஒண்ணும் தெரியாதவ மாதிரி நின்னுக்கிட்டு எம்புட்டு வேலை பாத்திருக்கா பாருங்க!"

ஆர்த்தி அவளை உள்ளே அழைத்தாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. கேஸ் அடுப்பு, அப்பாவோட மாத்திரை... ஏதாச்சும் மாறிட்டா?"

"அவ இருக்கட்டும்மா" என்று வராந்தாவிலிருந்து சார் சொன்னார்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க."

ஞானஜோதி பினுவிடம் போய் நின்றாள். "டாக்டர்ட்ட காட்ட அந்த ரிப்போர்ட்டாவது குடுங்க தம்பி."

அவன் ஆர்த்தியைப் பார்த்தான். "சந்தா சார் பேருக்கு மட்டும்தான் சேச்சி. மத்தவங்க குரலை வச்சிருக்கக் கூடாது. அழிச்சாகணும்." சொல்லிக்கொண்டே விரலால் ஒருமுறை தட்டினான்.

வேலையை விட்டுப் போடியிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போக, துணிப்பையோடு அவள் வராந்தாவுக்கு வந்தபோது ராசாத்தி திரும்பியது.

"வணக்கம். உங்களை நான் முன்ன பார்த்ததில்லையே. உங்க பேர் என்ன?"

ஞானஜோதி வாயைத் திறந்தாள். அப்படியே சாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜோதி!" நாற்காலியிலிருந்து சார் அவசரமாக எடுத்துக்கொடுத்தார். "நம்ம ஜோதி!"

"நான் அவங்களைத்தான் கேட்டேன், சார்." கோபமே இல்லாத குரல்.

அவள் பையைக் கீழே வைத்தாள். தினமும் காலையில் செய்வதுபோல அதன் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். படியில் இறங்கப் போனவள் நின்று, எதையோ விட்டதுபோல அங்குமிங்கும் தேடினாள்.

சார் சிரமப்பட்டுக் குனிந்து, அவளுடைய செருப்பைக் கையால் தட்டினார்.