கவர் பிரிக்காத நாற்பது கால்குலேட்டர்

"கவரைப் பிரிச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

"நாப்பது கால்குலேட்டரை ஒரு வருஷமா பீரோவுக்குள்ள ஜெயில்ல வெச்சிருக்கிறவங்க இப்ப மட்டும் என்னவா இருக்கீங்க மேடம்?"

முதல் குரல் தலைமையாசிரியையுடையது, இரண்டாவது கணக்கு டீச்சருடையது. அலுவலக அறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே இருக்கிற கண்ணாடி போன வருஷமே உடைந்துவிட்டதே, போகிறவர் வருகிறவர் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டா போவார்கள்?

கோடெல்லாம் வரைந்து காட்டும் உயர்ரகக் கால்குலேட்டர்கள் அவை. மெத்தைக் கம்பெனி முதலாளி ஒருவர் இலவசமாகக் கொடுத்தது. அங்கே படிப்பவர்கள் வீட்டு வேலை செய்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் பெற்ற பிள்ளைகள். காசுள்ள பள்ளிப் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்குச் சொந்தக் கால்குலேட்டரோடு வந்து டக் டக்கென்று தட்டிவிட்டுப் போவார்கள். இவர்களோ தேர்வு மண்டபத்தில் இரவலாகத் தருவதைத்தான் முதன்முதலாகத் தொட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் உயிர் வரும் என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். போன வருஷம் கணக்கில் புலியான ஒரு பெண், அதை டிவி ரிமோட் போல மேலே தூக்கிப் பிடித்து அழுத்திப் பார்த்தாளாம். பெயில். கணக்கு டீச்சருக்கு அது இன்னும் ஆறாத புண்.

தலைமையாசிரியையின் கவலை வேறு. புதுசு பழசாகிவிடக் கூடாது. வாங்கிப் பதினொரு வருஷம் ஆகியும் அவர் வீட்டு சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சரக்கென்று வழுக்கித் தரைக்கு வந்துவிடலாம். ரிமோட்டுக்கு ஓர் உறை, அந்த உறைக்கு ஓர் உறை. ஐம்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கும் இதுவே காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பினார்களோ, பாவம்.

கணக்கு டீச்சர் சும்மா இருக்கிற ஆளா? அட்டையில் பொத்தான் பொத்தானாக வரைந்து இருபது கால்குலேட்டர் செய்தார். ஜோடி ஜோடியாகப் பிள்ளைகள். ஒருவர் அட்டையை அழுத்த வேண்டும், பக்கத்தில் இருப்பவர்தான் மெஷின். மெஷின் மனக்கணக்காகப் போட்டு விடை சொல்லும். வரைபடம் கேட்டால் கையைத் தூக்கிக் காற்றில் வளைவு போடும். பசி வந்த மெஷின் "பேட்டரி லோ" என்று பெஞ்சில் சாய்ந்துவிடும். அரை பிஸ்கட் போட்டால்தான் மறுபடி ஓடும்.

இன்றைய ரகளை எதற்கென்றால், மறுநாள் வெள்ளிக்கிழமை முதலாளி வருகிறார். "பசங்க பயன்படுத்தலைன்னா வேற பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக் குடுத்துடுவேன்" என்று கொடுத்த அன்றே சொன்ன மனிதர்.

"சரி, ஒரே ஒரு மணி நேரம்," என்று இறங்கி வந்தார் தலைமையாசிரியை. "கவர் மேலேயே அழுத்தட்டும்."

"மழைக்கோட்டு போட்டுக்கிட்டுக் குளிக்கிற மாதிரியா?"

"அழுக்குப் படாதுல்ல?"

வெள்ளிக்கிழமை காலை பீரோ திறந்தது. கணக்கு டீச்சர் ஆசையாக ஒன்றை அழுத்தினார். பேச்சு மூச்சு இல்லை. திருப்பிப் பார்த்தால் முதுகில் வெறும் பள்ளம்.

"மேடம், பேட்டரி எங்க?"

"ஐயையோ, என் வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

"ஃப்ரிட்ஜ்லயா!"

"வெளியே வெச்சா கெட்டுப்போயிடுமேன்னு..."

வாசலில் செருப்புச் சத்தம். கணக்கு டீச்சர் உயிரில்லாத மெஷின்களையே ஜோடிக்கு ஒன்றாக அவசர அவசரமாக நீட்டினார்.

முதலாளி தன் சரக்கைப் போலவே பொதபொதவென்று இருந்தார். மனைவி போய் ஆறு வருஷம் ஆனவர். "நாப்பத்தெட்டைப் பதினேழால பெருக்குங்க பார்ப்போம்," என்றார். முதல் பெஞ்சுப் பெண் கவர் மேல் அழுத்தினாள். தொட்டில் பழக்கம் விடுமா? பக்கத்துப் பெண் நேரே வெறித்தபடி, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள்: "எண்ணூற்றுப் பதினாறு."

"அடேயப்பா! இது பேசுமா? கடைக்காரன் சொல்லவே இல்லையே! எங்க, ஒரு வரைபடம் போடுங்க."

இருபது கைகள் ஒரே சமயத்தில் கிளம்பிக் காற்றில் கிண்ணம் கிண்ணமாக வரைந்தன. அதில் ஒரு கை அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. கடைசி பெஞ்சில் ஒரு மெஷின் "பேட்டரி லோ" என்று சாய்ந்தது. கண்ணாடியை எடுக்கக் குனிந்தவர் கால்குலேட்டரின் முதுகையும் பார்த்துவிட்டார்.

"ஐயா," என்று கணக்கு டீச்சர் பொரிந்து தள்ளினார், "ஒரு வருஷமா அட்டையைத்தான் அழுத்துறாங்க. இதைத் தூக்கிட்டுப் போயிட்டா பரீட்சையில மறுபடி முழிப்பாங்க. தயவுசெஞ்சு..."

முதலாளி எங்கே கேட்டார்? "பேட்டரி எங்கம்மா?" என்றார் தலைமையாசிரியையிடம்.

"ஃப்ரிட்ஜ்ல பத்திரமா வெச்சிருக்கேங்க."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு கீறல் இல்ல! மெத்தையைக் கவரோட போட்டுப் படுங்க, முப்பது வருஷம் வரும்னு தொண்டை கிழிய சொல்றேன். வாங்கின அன்னைக்கே கிழிச்சிடுறானுங்க. பெத்த மகனே கேக்கல."

"நான் கேட்டிருப்பேன்," என்றார் தலைமையாசிரியை, தரையைப் பார்த்தபடி.

பாம்பின் கால் பாம்பறியும் என்பது கணக்கு டீச்சருக்கு விளங்கிவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டார். "அப்போ மெஷின் இங்கேயே இருக்கட்டும் ஐயா. பசங்க பத்திரமா பயன்படுத்துறாங்களான்னு நீங்களே வாராவாரம் வந்து பாருங்க. மேடத்துக்கும் நிம்மதி."

ஐயாவும் மேடமும் தலையாட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்காதது ஆச்சரியம்.

நாலாவது வெள்ளிக்கிழமை. அதற்குள் பேட்டரிகளும் ஃப்ரிட்ஜிலிருந்து வந்து சேர்ந்திருந்தன. அவர்கள் இருவரும் வராந்தாவில் ஒரே கால்குலேட்டரைத் திருப்பித் திருப்பிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே மற்ற முப்பத்தொன்பதின் கவரும் பறபறவென்று கிழிந்தது. இருவர் காதிலும் விழவில்லை.

"அப்ப எனக்கு வேலை போச்சா டீச்சர்?" என்றாள் எண்ணூற்றுப் பதினாறு சொன்ன பெண்.

"உனக்கு பிரமோஷன்டி. இனிமே நீ அழுத்து."

அந்த வருஷத் தேர்வில் ஒருத்தரும் பொத்தானைத் தேடவில்லை. ரிமோட் பெண்ணும் மறுபடி எழுதித் தேறி, பெரிய படிப்புக்கு வேறு ஊர் போய்விட்டாள். அடுத்த மாதமே தலைமையாசிரியைக்கும் முதலாளிக்கும் கல்யாணம். பீரோச் சாவியைக் கணக்கு டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, சோபாவோடு கம்பெனிப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனார் மணப்பெண். பரிசாகக் கணக்கு டீச்சர் ஓர் அட்டைக் கால்குலேட்டரைக் கொடுத்தார். அதற்கும் அன்றைக்கே கவர் போட்டாயிற்று. போய் வந்தவர்கள் சொல்கிறார்கள், அந்த வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் சரக்கென்று தரைதானாம். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிவிடுகிறார்களாம்.