மருமகள் சொன்ன பதில்

புற்றுநோய்க்கு நான்காவது முறை மருந்து ஏற்ற ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று பரிமளத்துக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. மஹய்யாவையிலிருந்து பஸ்ஸில் வந்த கொஞ்சத் தூரமே உடம்பை உலுக்கிவிட்டிருந்தது. கதிரையில் உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கேட்கிறவர்களுக்கு மருமகள் நிரோஷினி பதில் சொல்லட்டும்.

"ரத்த ரிப்போர்ட் நல்லம்" என்றாள் நேர்ஸ் நஸ்லியா, மேசைக்கு அந்தப் பக்கமிருந்து. "அம்மா வீட்டுல எப்படி? அவங்கட வேலைய அவங்களே செய்றாங்களா?"

நிரோஷினியின் முதுகு நிமிர்ந்தது. பின் வரிசை வாங்கில், அவர்கள் சந்திலேயே குடியிருக்கும் வடிவம்மா புருஷனுக்கு மருந்தேற்றக் கூட்டிவந்து உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் சந்து முழுக்கப் போய்விடும்.

"என்ன மிஸ் இப்படிக் கேட்டுட்டீங்க? சீக்காளிய நான் வேல செய்ய விடுவேனா?"

"வேலையெண்டா, குளிக்கிறது, உடுத்துறது..."

"எல்லாம் நான்தான். தண்ணி ஊத்தி விடுவேன், சோறு ஊட்டி விடுவேன். கட்டில விட்டு எறங்கவே விடமாட்டேன்."

பரிமளத்துக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை. காலையில் டவுனிலுள்ள புடவைக் கடைக்கு வேலைக்குப் போகிற நிரோஷினி, விளக்கு வைக்கிற நேரத்தில்தான் திரும்புவாள். அதுவரை வெளிக் கக்கூசுக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பரிமளமே போவாள். தானே அள்ளிக் குளிப்பாள். இடையில் மூச்சு வாங்கினால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருவாள். ஆக்கி வைத்துவிட்டுப் போவது மருமகள், போட்டுச் சாப்பிடுவது இவள். அதில் அவளுக்கு ஒரு குறையுமில்லை.

நஸ்லியா டொக்டரின் அறைக்குள் போய்த் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"எழும்பாமக் கிடக்கிறவங்களுக்கு இந்த மருந்து தாங்காதாம். இத்தோட நிப்பாட்டிட்டு, வலிக்கு மட்டும் குடுப்பம் எண்டு டொக்டர் சொல்றாங்க."

நிரோஷினிக்கு முகம் வெளிறியது. "நல்லாப் பாத்துக்கிறேன்னுதானே மிஸ் சொன்னேன்..." வடிவம்மாவை ஒரு முறை பார்த்தாள். சொன்னதை அவள் முன்னால் எப்படித் திருப்பி எடுப்பது?

நிப்பாட்டலாம். அந்தச் சொல் பரிமளத்துக்குக் கொஞ்ச நேரம் இதமாகக்கூட இருந்தது. ஊசி இல்லை, வாய்க்கசப்பு இல்லை, உள்ளங்கால் மரத்துப்போவது இல்லை. ஆனால் மார்பிலிருந்த கட்டி சிறுத்துக்கொண்டு வந்தது. குளிக்கும்போது விரலால் தடவி அவளே பார்த்திருந்தாள். இப்போது விட்டால் அது திரும்ப வளரும்.

கண்ணைத் திறந்தாள்.

"மிஸ், அவ மேல தப்பில்ல. அவ இருந்தா என்னைய அசைய விடமாட்டா. கடைக்குப் போனதும் களவா எழும்பி, எல்லாம் நானே செஞ்சுக்குவேன்."

"கிழவியோட வேலையப் பாத்தீங்களா" என்றாள் வடிவம்மா, புருஷனிடம்.

டொக்டரே வெளியே வந்தார். கையூன்றாமல் எழும்பச் சொன்னார், சிங்களத்தில். பரிமளம் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். பாதி எழும்பியதும் தொடை நடுங்கியது. தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். நிரோஷினியின் கை தானாக நீண்டது.

"புடிக்க வேணாம்" என்றாள் நஸ்லியா.

நிரோஷினி கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். பரிமளம் மூச்சை இழுத்து மறுபடி எழும்பினாள். கண் இருட்டியது. நின்றாள். கதவுவரை நடந்து திரும்பியும் வந்தாள்.

டொக்டர் தலையசைத்தார். மருந்து ஏற்றலாம், அளவைச் சற்றுக் குறைத்து. உடற்பயிற்சி சொல்லித்தருபவர் வந்து பார்ப்பார். வீட்டில் தினமும் கதிரையிலிருந்து எழும்பிப் பழக வேண்டும், நடக்க வேண்டும், யாரும் தூக்கி விடக் கூடாது.

ஊசி ஏறியபின் நிரோஷினி காதருகே குனிந்தாள்.

"களவாவா செய்றீங்க, அத்தை?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? நீ ஊட்டி விட்டத நான் கனவுலதான் பாத்தேன்."

நிரோஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரமானது. பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"நாளைக்கு லீவு போடட்டா?"

"வேணாம், போ. கைப்பிடி இல்லாத கதிரைய மட்டும் கட்டிலுக்குப் பக்கத்துல போட்டுட்டுப் போ."

"நாளைக்கே எழும்பிப் பழகப் போறீங்களா?"

பரிமளம் கண்ணை மூடினாள்.

"நாளைக்கு முடியாது. நாளன்னைக்குப் பாப்போம்."